பிடிபட்டபடியே இறங்கிய சூரியன்

மாலை ஐந்து மணி பதினான்கு நிமிடத்துக்குச் சூரியனின் வலது ஓரத்தில் முதல் குறை தெரிந்தது. நகத்தால் கிள்ளிய அளவு. வெல்டர் முகமூடியிலிருந்து கழற்றிய கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சூரியன் பச்சையாக, சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக இருந்தது. கண்ணாடியை இறக்கினால், ஒன்றும் நடக்காததுபோல் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இடம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய உருக்காலை. பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கி அச்சுகளில் ஊற்றிக் கட்டிகளாக்கும் வேலை. ஒரே நீளமான ஷெட். கிழக்குக் கோடியில் உலை, நடுவில் அச்சுகள், மேற்குக் கோடியில் லாரியில் சரக்கு ஏற்றும் மேடை. நான் நின்றது அந்த மேடையில். தீபாவளிக்கு மறுநாள் என்பதால் பாதி ஆட்கள் வரவில்லை. முதலாளி சென்னையில் இருந்தார். ஷெட்டின் கூரையை ஒட்டி, இரண்டு பக்கச் சுவர் நீளத்துக்கும் தண்டவாளம் போட்டு, அதன்மேல் கிரேன் ஓடியது. அந்தக் கிரேனின் கூண்டுக்குள் என் அத்திம்பேர், அக்காவின் கணவர், உட்கார்ந்திருந்தார். அன்று விடியற்காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி. அதை அந்த ஆலையில் யாரிடமும் சொல்லவில்லை; தெரிந்தால் அவரைக் கிரேனில் ஏற்றமாட்டார்கள்.

நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்துவிட்டு விலகியவன். இப்போது கேட்பவர்களுக்கு எழுதிக்கொடுக்கிறேன். மாணவர் இணைப்பு ஒன்றுக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் பூமியை நடுவில் வைத்தார்கள், பிறகு சூரியனை வைத்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டும், கிரகணத்தை நேரில் பார்த்த நாலு வரியும் அதில் சேர வேண்டும். தீபாவளிக்குத் திருவள்ளூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பண்டிகை நாள் பிற்பகலில், அவள் சாப்பாட்டு மேஜையில் பட்சணத் தட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அத்திம்பேர் ஒரு பாதுஷாவைக் கடித்தபடி வந்து, நான் வரைந்திருந்த இரண்டு படங்களையும் எட்டிப் பார்த்தார்.

ஒரு படத்தில் பூமி நடுவில் இருந்தது. சுற்றிலும் நிலவு, புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி. இன்னொன்றில் சூரியன் நடுவில். பூமி மூன்றாவது வட்டத்தில், நிலவைக் கூட்டிக்கொண்டு.

"இதுல எது நிஜம், எது டூப்பு?" என்றார்.

செவ்வாய் சில காலம் பின்பக்கமாக நகர்வதை முதலில் சொன்னேன். பஞ்சாங்கம் அதை வக்ரம் என்கிறது. பூமியை நடுவில் வைத்தால் அதை விளக்க வட்டத்தின் மேல் இன்னொரு சிறிய வட்டத்தை ஓட்ட வேண்டும். சூரியனை நடுவில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. அரக்கோணம் பக்கம் போகும் எக்ஸ்பிரஸில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கடம்பத்தூர் தாண்டி அதே திசையில் போகும் மின்ரயிலை நம் வண்டி முந்துகிறது. மின்ரயில் பின்னால் நழுவுவதுபோல் தெரிகிறது. செவ்வாயும் அப்படித்தான், முந்துவது பூமி. வெள்ளியைப் பற்றியும் சொன்னேன். தொலைநோக்கியில் பார்த்தால் அது பிறையிலிருந்து ஏறக்குறைய முழுவட்டம் வரைக்கும் வளர்வது தெரியும். முதல் படத்தில் அது நடக்கவே முடியாது.

"சரி, நாளைக்குக் கிரகணமாச்சே. அதுக்கு எந்தப் படம்?"

"அதுக்கு ரெண்டுமே சரிதான் அத்திம்பேர். ரெண்டு படத்துலயும் நிலா பூமியைத்தான் சுத்தறது. அது சூரியனை மறைக்கறதை வெச்சு எது நிஜம்னு சொல்ல முடியாது."

"அப்போ நாளைக்கு நடக்கப்போறதுக்கு உன் கட்டுரையே தேவையில்லேங்கறே." அடுத்த பாதுஷாவை எடுத்தார்.

அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "தட்டுல எத்தனை மிச்சம் இருக்குன்னு நான் பார்த்துண்டுதான் இருக்கேன்."

"பண்டிகைக்கு ஒரு நாள்டீ."

"உங்களுக்குத் தெனமும் ஒரு பண்டிகை."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. கூடத்தில் அவளுடைய மாமனார் இருந்தார். அவருக்கு மகனின் வியாதி தெரியாது. எண்பது தாண்டியவர், பெருமாள் கோயிலில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சொல்லியே காலம் கழித்தவர். அவரிடம் ஒன்றைச் சொன்னால் அன்று சாயங்காலத்துக்குள் நான்கு மாட வீதிக்கும் போய்விடும். அடுத்த வீதியில் அந்த ஆலையின் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் குடியிருந்தார். அத்திம்பேர் ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. கோயில் வேலைக்குப் போகாமல் ஐ.டி.ஐ. படித்து, அந்தக் கூண்டில் ஏறி உட்கார்ந்தவர். வேறு வேலை தெரியாது. வருஷா வருஷம் நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் முழுவதும் பாதி வயிறு சாப்பிட்டு அதைத் தாண்டிவந்தார். வியாதிக்கு அக்கா செய்தது இரண்டு காரியம். மாத்திரையை ஊரின் மறுகோடியிலிருந்த கடையில் வாங்கினாள். அமாவாசைதோறும் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தாள். அந்த ஊர்ப் பெருமாளுக்கு வைத்தியர் என்று பேர். வெல்லம் கரைவதுபோல் வியாதி கரையும் என்பது நம்பிக்கை; அமாவாசைக்கு அமாவாசை அதற்காகவே ஊர் நிறைய ஜனம் வரும்.

கூடத்திலிருந்து பெரியவர் கேட்டார். "கிரகணம் எப்போ விடறதுன்னு போட்டிருக்கே?"

"ஆறரைக்குள்ள விட்டுடும் மாமா."

"யார் பார்த்தா?"

நான் பேனாவை வைத்தேன்.

"அஞ்சே முக்காலுக்கு அஸ்தமனம். பிடிபட்டபடியே இறங்கிடறான்" என்று மடியிலிருந்த பஞ்சாங்கத்தைத் தட்டினார். "கிரஸ்தாஸ்தமனம்னு பேர். மறுநாள் சுத்த பிம்பத்தைச் சேவிச்சு, ஸ்நானம் பண்ணிட்டுத்தான் ஆகாரம்."

"பூமிக்கு அந்தப் பக்கம் போனப்புறமும் நிலா நகர்ந்துண்டுதானே மாமா இருக்கும்? நாம பார்க்காட்டாலும் விட்டுடும்."

"அந்தப் பக்கத்துல இருக்கறவன் சாப்பிடட்டும். நீ இந்தப் பக்கத்துலன்னா இருக்கே."

அத்திம்பேர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பதில் சரியாகத்தான் இருந்தது. நான் விண்வெளியில் எங்கேயோ நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவர் திருவள்ளூரில் உட்கார்ந்து பேசினார்.

சூரிய கிரகணத்துக்கு நான்கு ஜாமம் முன்பே வேதம் பிடிக்கும், சாப்பாடு நிறுத்த வேண்டும். அதாவது விடியற்காலையிலிருந்து. அது எனக்குத் தெரியும். கிரகணம் விட்டதும் சாயங்காலம் சாப்பிட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இப்போது அது மறுநாள் காலை வரைக்கும் நீண்டது.

"பாலர், விருத்தர், வியாதிக்காரா, இவாளுக்கெல்லாம் விலக்கு உண்டு" என்றார் பெரியவர். "நான் விருத்தன். அஸ்தமனம் ஆனதும் கஞ்சி குடிச்சுடுவேன். நீங்கள்ளாம் திடமா இருக்கேள். உங்களுக்கென்ன?"

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்று அத்திம்பேரைப் பார்த்தாள். அவர் பாதுஷாத் தட்டைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை.

மறுநாள் அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட். பிற்பகல் இரண்டு மணிக்கு ஏற வேண்டும். திருவள்ளூரில் எங்கே நின்றாலும் மேற்கே ஒரு மாடியோ தண்ணீர்த் தொட்டியோ மறைத்தது. "எங்க மேடைக்கு வாடா. மேற்கு திறந்து கிடக்கும். வெல்டிங் கண்ணாடி வாங்கித் தரேன்" என்று அத்திம்பேர்தான் கூப்பிட்டார்.

அமாவாசைக் கூட்டத்தில் பைக்கை உருட்டிக்கொண்டே மாட வீதியைத் தாண்டினோம். கிரகணத்துக்காகச் சீக்கிரம் நடை சாத்துகிறார்கள் என்று ஜனம் ஓடிக்கொண்டிருந்தது. குளத்துப் படியில் வெல்லம் விற்றது. அக்காவும் அந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருந்தாள்.

பெரியபாளையம் வழியாகப் போனோம். வழக்கமாக வண்டி ஓட்டும்போது அவர் வாய் ஓயாது; எந்த நிலம் யாருக்கு விற்றது, எந்த ஏரியில் யார் மண் எடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவார். அன்று பேசவில்லை. சட்டையின் முதுகுப்பக்கம் முழுதும் நனைந்திருந்தது. காற்றில் போகும்போதும் அது காயவில்லை. ஒரு ரயில்வே கேட்டில், கேட்டு திறந்தே இருந்தபோதும், வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் நெடுநேரம் பார்த்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"என்ன அத்திம்பேர்?"

"ஒண்ணுமில்லே. வெயில்."

ஆலை வாசலில் ஷிஃப்ட் இன்சார்ஜ் நின்றிருந்தார். ஆரம்பாக்கம் பக்கத்து ஆள். ஆந்திர எல்லையோரம் வளர்ந்தவர். "இன்னா ஐயரே, பாம்பு புடிக்கிற நாள்ல கூட டூட்டியா?" என்றார்.

"ஐயர் இல்லைய்யா, ஐயங்கார். எத்தனை வருஷமா சொல்றேன்."

"எனுக்கு ரெண்டும் தயிர்சோறுதான் நைனா." என்னைப் பார்த்தார். "பேப்பர்கார மச்சானா? வா சார். மொதலாளி இல்ல, பேஜாரு இல்ல. உள்ள வந்து பாரு. போட்டோல எங்க கம்பெனி பேரு மட்டும் வராம பாத்துக்கோ."

அத்திம்பேர் கூண்டுக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏறியதை நான் பார்த்தேன். பாதியில் நின்றார். பிறகு ஏறினார்.

கிரகணம் தொடங்கிச் சற்று நேரத்துக்கெல்லாம் அக்கா போன் செய்தாள். அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. பெரியவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

"கார்த்தாலே அவர் மாத்திரை போட்டுண்டார்டா. வேதம் பிடிக்கறதுக்கு முன்னாடி, அஞ்சு மணிக்கு முன்னாலயே. ஒண்ணுன்னு நெனச்சேன். இப்போ அட்டையைப் பார்த்தா ரெண்டு போயிருக்கு."

"ஏன் ரெண்டு?"

"நேத்திக்குத் தின்ன பட்சணத்துக்கு. வேற என்ன? முந்தாநாள் எண்ணெயை இன்னிக்குச் சீயக்காய் போட்டு எடுக்கற மாதிரி."

முந்தைய நாள் இனிப்புக்காக இரட்டை மாத்திரை. அதன்பின் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர்கூட இல்லை; இரத்தத்தில் சர்க்கரை இந்நேரம் அடியோடு இறங்கியிருக்கும். கூரையடியில், வெப்பமானி இல்லாமலே தெரியும் அனல். கூண்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது ஆலையின் விதி. அவரை நான் கூப்பிட முடியாது.

இன்சார்ஜைத் தேடினேன். அவர் மேடையிலேயே, எனக்கு இரண்டடி தள்ளி, உலைக்காரர்கள் மாட்டும் நீலக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சுகளைக் கவனிக்கும் ஆட்கள் எல்லோரும் அங்கே வந்துவிட்டிருந்தார்கள். கீழேயிருந்து கிரேனுக்குக் கைகாட்டும் ஒடிசாக்காரரும் வந்திருந்தார். நீலக் கண்ணாடி உலைக்குத்தான், சூரியனுக்கு ஆகாது, கண் போய்விடும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். "ரெண்டாயிரம் டிகிரியே பாக்குறோம், சூரியன் இன்னா பண்ணிடும்" என்று சிரித்தார்கள். ஒரு ஆள் மற்றவனிடம், "டேய், கடிச்சுக்கினே கீது பாரு. முழுங்குமாடா?" என்றான். "உன் சம்பளத்த முழுங்குன மாதிரி முழுங்கும்" என்றான் மற்றவன்.

இன்சார்ஜிடம், "அத்திம்பேரைக் கொஞ்சம் கீழே இறங்கச் சொல்லுங்க" என்றேன்.

"இன்னா மேட்டரு?"

வியாதியைச் சொன்னால் அந்த நிமிடத்தோடு அவர் கிரேன் வேலை முடிந்தது. "வீட்லேருந்து அவசரமா போன்" என்றேன்.

"இந்த ஹீட்டு மட்டும் எறக்கிட்டு வரட்டும் சார். இன்னும் பத்து நிமிசம்." கண்ணாடியை எடுக்காமலே பேசினார். "உலையில கீறது காத்துக்கினு இருக்காது."

ஹீட்டு என்றால் ஒரு முறை உருக்கி எடுக்கும் இரும்பு. உலை பதமானதும் அதைச் சாய்த்து, லேடில் என்கிற பெரிய வாளியில் ஊற்றுவார்கள். கிரேன் அந்த வாளியைத் தூக்கி, ஷெட்டின் நடுவிலிருக்கும் அச்சுகளுக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தும். நகரும்போது கூண்டிலிருந்து மணி அடித்துக்கொண்டே வர வேண்டும். பிற்பகலிலிருந்து அந்த மணியை நான் பலமுறை கேட்டிருந்தேன்.

சூரியன் காம்பவுண்டு சுவரின் மேல்விளிம்பில் வந்து உட்கார்ந்தது. குறை இப்போது பெரிதாகியிருந்தது; எலி கடித்த அப்பளம்போல. புகைமூட்டத்தில் வெறும் கண்ணாலேயே பார்க்கக்கூடிய சிவப்பாக இருந்தது. மேடைக்குக் கீழே தரை முழுவதும் சுவரின் நிழல் விழுந்து இருட்டிவிட்டது. நான் நேரத்தைக் குறித்துக்கொள்ளத் தலையைக் குனிந்தேன்.

இருட்டிய தரையில் என் நிழல் விழுந்திருந்தது. அது எனக்கு முன்னால், மேற்கே, சூரியனை நோக்கி விழுந்திருந்தது.

பக்கத்தில் நின்றவர்களின் நிழல்களும் அப்படியே. வரிசையாக, சூரியன் இருந்த திசையிலேயே நீண்டு கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை நீளம் குறைந்து எங்கள் காலடிக்கு வந்துகொண்டிருந்தன.

திரும்பினேன்.

லேடில் அச்சுகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. தளும்பத் தளும்ப இருந்தது. அதன் வெளிச்சம் கூரைத் தகட்டில் பட்டு ஷெட் முழுவதையும் ஆரஞ்சாக்கியிருந்தது. மணி அடிக்கவில்லை. வேகமாகவும் வரவில்லை. சாதாரணமாக, வழக்கமான வேகத்தில், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் எங்களை நோக்கி வந்தது. உலைப்பக்கம் யாரோ கத்தினார்கள். மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் கண்ணில் கறுப்பும் நீலமுமான கண்ணாடிகளை வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நின்றிருந்தார்கள்.

நான் இன்சார்ஜின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அவர் ஒரு கணம் பார்த்தார், பிறகு ஓடினார். தூணில் இருந்த மெயின் ஸ்விட்சை இரண்டு கையாலும் இழுத்து இறக்கினார். விளக்குகளும் சேர்ந்து அணைந்தன. கிரேன் நின்றது. லேடில் நிற்கவில்லை, சங்கிலியில் முன்னால் ஆடியது, திரும்பியது, மீண்டும் ஆடியது. இரண்டாவது ஆட்டத்தில் விளிம்பிலிருந்து இரும்புக் குழம்பு ஒரு நாக்குபோல் கீழே விழுந்தது. மேடைக்குச் சற்று முன்னால் தரை ஈரமாக இருந்தது. ஈரத்தில் பட்டதும் அது வெடித்தது. எல்லோரும் மேடையிலிருந்து கீழே குதித்தார்கள். கைகாட்டும் ஒடிசாக்காரர் கடைசியில் குதித்தார். அவருடைய கெண்டைக்காலில் பேன்ட் எரிந்துகொண்டிருந்தது. மண்ணை அள்ளிப்போட்டு அணைத்தார்கள்.

இன்சார்ஜ் ஏணியில் ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். கூண்டுக்குள் அத்திம்பேர் நேராகத்தான் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. தலைமுடி குளித்ததுபோல் நனைந்து, நெற்றி நாமத்தின் சிவப்பு ஸ்ரீசூர்ணம் கரைந்து மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. இடது கை லீவரில் இருந்தது. அது பழைய மாதிரி கிரேன். லீவரை ஒரு பள்ளத்தில் தள்ளிவிட்டால் கையை எடுத்தாலும் அது அங்கேயே நிற்கும், கிரேன் ஓடிக்கொண்டே இருக்கும்.

"ஐயரே, ஐயரே, இன்னா ஆச்சு?"

அத்திம்பேர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நான் நிறுத்திட்டேனே" என்றார். வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. "நான் நின்னுண்டுதான் இருந்தேன். ஷெட்டுன்னா நகர்ந்தது."

கீழே இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. இன்சார்ஜின் அறையில் தீபாவளிக்கு முதலாளி கொடுத்த இனிப்புப் பெட்டி பிரிக்காமல் இருந்தது. லட்டை உடைத்து வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"அத்திம்பேர், இது மருந்து. சாப்பிடுங்கோ."

"விட்டாச்சா?"

"அஸ்தமனம் ஆயிடுத்து."

"விட்டாச்சான்னு கேட்டேன்."

அப்போது ஆறு மணி. நிலவு சூரியனை விட்டு விலகிக்கொண்டிருந்தது. முழுவதும் விலக இன்னும் அரைமணி நேரம் இருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் பூமி இருந்தது.

"விட்டாச்சு" என்றேன்.

"நீ பார்த்தியா?"

லட்டுக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. இன்சார்ஜ் தாடையைப் பிடித்துத் திறந்து லட்டைத் திணித்தார். அத்திம்பேர் அதைத் துப்பினார். அவ்வளவு பலம் அந்த உடம்பில் எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. இரண்டாம் முறை திணித்தபோது இன்சார்ஜின் விரலைக் கடித்தார். அதன்பின் ஆலையின் சரக்கு வேனில் அவரையும் ஒடிசாக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாய்வழியாகப் போகாதது ஆகாரத்தில் சேராது என்று நினைத்திருக்கலாம். அல்லது அப்போது ஒன்றுமே தெரிந்திருக்காது.

காலையில் அவராகவே எழுந்து மொட்டைமாடிக்குப் போனார். குழாயடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கு நடுவே சூரியன் வந்தது. குறை ஒன்றும் இல்லை, சுத்தமான வட்டம். கைகூப்பிச் சேவித்தார். கீழே இறங்கி, எதிர்க் கடையில் இட்லி சாப்பிட்டார். நான்கு இட்லி முடித்துவிட்டு இன்னொரு ஈடு கேட்டார். முகம் தெளிந்திருந்தது.

"நேத்திக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டார். நான் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாம்பாரை ஊற்றிக்கொண்டார். கெண்டைக்கால் வெந்தவரைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கையை நிறுத்தினார்.

சற்று நேரத்தில் இன்சார்ஜ் வந்தார். விரலில் கட்டுப் போட்டிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மருத்துவமனை வாசலில் நிறுத்தினார்.

"பிரேக்கு புடிக்கல. அவ்ளோதான் சார் நடந்தது. ஆபீஸ்ல அப்டித்தான் சொல்லிக்கீறேன். ஃபிட்டர் வந்து பிரேக்க மாத்திட்டான்."

"அவருக்குச் சர்க்கரை இருக்கு. மேலே ஏத்தாதீங்க."

"எனுக்குத் தெரியாதா?" அவர் சிரிக்கவில்லை. "பத்து வருசமா டீக்கடையில சக்கரை போடாதன்னு சொல்ற ஆளு. பையில எப்பவும் பிஸ்கட்டு வெச்சிக்கினு சுத்துற ஆளு. நேத்துதான் அத்தயும் எடுத்துக்கினு வரல. தெரியும் நைனா. நான் எழுதிக்குடுத்தா அவரு வூட்டுக்குப் போவாரு. கிரேனு மேல யாரு போவான்? ஒருத்தன் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பல. இன்னொருத்தன் தேர்வாய் கண்டிகைல புது கம்பெனிக்குப் பூட்டான். அப்புறம், ஆளுங்கள மேடைல நிக்கவெச்சு வேடிக்கை பாத்தது யாரு? வெளி ஆள உள்ள வுட்டது யாரு? நீயே சொல்லு."

ஒடிசாக்காரரை அன்று மதியமே அவருடைய ஊர்க்காரர் ஒருவரோடு ரயில் ஏற்றிவிட்டார்கள். காலைத் தொங்கப்போடாமல் படுத்துப் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்பதிவில்லாத பெட்டி.

திருவள்ளூருக்குத் திரும்பியதும் பெரியவர் கேட்டார். அத்திம்பேர், "கிரேன்ல பிரேக் பிடிக்கலே" என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அது ஞாபகமாகிவிட்டதுபோல் இருந்தது. பிரேக்கை அழுத்தியதையும் அது வழுக்கியதையும் விவரமாகச் சொன்னார். பெரியவர் எழுந்துபோய்ப் பெருமாள் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தார். கிரகண நியமத்தோடு இருந்ததால்தான் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார். அதை அன்று சாயங்காலமே வீதியில் நாலு பேரிடம் சொன்னார்.

அக்கா அத்திம்பேரைச் சமையலறைக்குள் கூப்பிட்டுப் பேசியது எனக்குக் கேட்டது.

"கம்பெனியில சொல்ல வேண்டாம். சரி. அப்பாகிட்டயாவது சொல்லுங்கோ. வியாதிக்காராளுக்கு விலக்கு உண்டுன்னு அவரேதானே சொன்னார்?"

"ரெண்டு வருஷம்டீ."

"நான் சாஸ்திரத்தைச் சொல்றேன். நீங்க வருஷத்தைச் சொல்றேள்."

"அப்பாகிட்ட சொன்னா கம்பெனிக்குச் சொன்ன மாதிரிதான். போறும், விடு. இனிமே மாத்திரை ஒண்ணுதான்."

"பையில வெல்லமாவது வெச்சுக்கோங்கோ."

"வெச்சுக்கறேன். குளத்துல கரைச்சதுல மிச்சம் இருக்கா?"

பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வந்தது.

கட்டுரையை அன்றே முடித்து அனுப்பினேன். இரண்டு படங்களும் வந்தன. ஒன்றில் பூமி நடுவில், ஒன்றில் சூரியன். சூரியன் அடிவானத்துக்குக் கீழே போன பிறகும் கிரகணம் தொடர்ந்து நடந்தது, ஆறரைக்குள் முடிந்தது என்று எழுதியிருந்தேன். அது சரியான தகவல். நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்பதை எழுதவில்லை. மாணவர் இணைப்பில் அதற்கு இடமில்லை.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று காலை பெரியவர் கூடத்தில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அத்திம்பேர் எதிரில் உட்கார்ந்து காபி குடித்தார். பெரியவர் எதிரில் இருந்ததால் சர்க்கரை போட்ட காபி. அடுத்த பௌர்ணமிக்கு நேராக விரலை வைத்து பெரியவர் சத்தமாகப் படித்தார். அன்றும் கிரகணம். சந்திரன் பிடிபட்டபடியே உதிக்கிறான், பகல் முழுவதும் ஆகாரம் கிடையாது.

அந்த வாரம் அத்திம்பேருக்கு இரண்டாவது ஷிஃப்ட்.